பின்னால் மூடிய குழியில் 6203 பேரிங்கோட அவுட்டர் ரேஸ் (வெளி வளையம்) மாட்டிக்கிச்சு, கேஸைக் கெடுக்காம எப்படி எடுக்கிறது?

மேக்னெட்டோ எழுதியது:

பழைய டூ ஸ்ட்ரோக் சிங்கிள், அலுமினிய கிராங்க்கேஸ். முழுக்கப் பிரிச்சாச்சு. கியர்பாக்ஸ் மெயின் ஷாஃப்ட்டோட வலது முனை பேரிங் மட்டும் அசையலை. 6203 (உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40 மி.மீ.), ஓப்பன் டைப், அதாவது பக்கவாட்டு மூடி இல்லாதது. அது உட்கார்ந்திருக்கிற குழி பின்னால மூடினது, அதனால பின்பக்கமிருந்து தட்ட வழியில்லை.

இதுவரை செஞ்சது: ஹீட் கன்ல 20 நிமிஷம் பேரிங்கைச் சுத்திச் சூடு காட்டினேன். உள்ளே விரியுற புல்லரை மாட்டி ஸ்லைடு ஹாமர்ல இழுத்தேன். நாலாவது இழுப்புல குண்டுகளைப் பிரிச்சு வைக்கிற கேஜ் பிஞ்சு, குண்டெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி, இன்னர் ரேஸ் தனியா கையில வந்துடுச்சு. இப்போ குழிக்குள்ள அவுட்டர் ரேஸ் மட்டும். என்கிட்ட இருக்கிற பெரிய புல்லர் 30 மி.மீ. வரைக்கும்தான் விரியும், ரேஸோட உள்விட்டம் அதைவிடப் பெருசு. ரேஸ் குழியோட தரையை ஒட்டி உட்கார்ந்திருக்கு, பின்னால நகம் மாட்ட இடுக்கே இல்லை.

ரெண்டு சந்தேகம். கேஸோட பின்பக்கம் 6 மி.மீ.ல ரெண்டு ஓட்டை போட்டு, பஞ்ச் வச்சுத் தட்டி எடுத்துட்டு அப்புறம் அடைச்சுக்கலாமா? இல்லைன்னா ரேஸை உள்ளேயே அறுத்து எடுக்கறது மேலா?

பழைய இரும்பு எழுதியது:

ரெண்டும் இப்போ வேணாம். முதல்ல ஒழுங்காச் சூடு பண்ணுங்க, ஹீட் கன் இதுக்குப் பத்தாது. அலுமினியம் சூட்டை ஓரிடத்துல நிக்க விடாது, நீங்க ஊத ஊத கேஸ் முழுக்கப் பரவிடும். அதைவிட மோசம், கன் முனையை பேரிங் பக்கம் காட்டினா ரேஸும் கூடவே சூடாகி விரியும். குழி விரியுறதும் ரேஸ் விரியுறதும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போகும்.

கணக்கு இதுதான். ஒவ்வொரு டிகிரிக்கும் அலுமினியம் மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும், பேரிங் இரும்பு 12 மைக்ரான். குழி 40 மி.மீ. அறை வெப்பம் 25 டிகிரின்னு வச்சுக்கிட்டு கேஸ் மொத்தத்தையும் 120 டிகிரிக்குக் கொண்டுபோனா குழி 0.087 மி.மீ. விரியும், ரேஸ் 0.046 மி.மீ. ஆக, ரெண்டும் ஒரே சூட்டுல இருந்தாலும் 0.04 மி.மீ. இடைவெளி கிடைக்கும். இந்த மாதிரி குழிகள்ல பிடிப்பு (குழியைவிட ரேஸ் பெருசா இருக்கிற அளவு) பெரும்பாலும் 0.01லேருந்து 0.03 வரைக்கும்தான். சுத்தியலே வேணாம், தானா விழணும்.

செய்முறை: ஆயில் சீல், ரப்பர், நியூட்ரல் சுவிட்ச் எல்லாத்தையும் கழட்டிடுங்க. மண்ணெண்ணெய்ல நல்லாக் கழுவிக் காய வைங்க, இல்லைன்னா ஓவனுக்குள்ள புகை மூட்டம்தான். (சமைக்கிற ஓவன்ல வைக்காதீங்க, அந்த வாடை மாசக் கணக்குல போகாது.) குழியோட வாய் கீழே பார்க்கிற மாதிரி ரெண்டு மரக்கட்டை மேல கேஸை வச்சு, 120 டிகிரில முக்கால் மணி நேரம். வெளியே எடுத்ததும் குழிக்குப் பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. உடனே சுரீர்னு கொதிச்சு மறையணும், சோம்பலா ஆவி விட்டா இன்னும் சூடு ஏறலைன்னு அர்த்தம். கேஸ்கெட் முகத்தைத் தட்டையான மரப்பலகை மேல ஒரு தரம், ரெண்டு தரம் அடிங்க. இரும்பு மேஜை மேல அடிச்சா கேஸ்கெட் முகம் போச்சு.

அசெட்டிலின் பக்கமே போகாதீங்க. ஒரே இடத்துல சூடு குவிஞ்சா கேஸ் வளையும், அப்புறம் ரெண்டு பாதியும் ஒண்ணுக்கொண்ணு சரியா உட்காராது. சில பழைய எஞ்சின்கள்ல கேஸ் மக்னீசியக் கலவை, அதுல தீ பிடிச்சா தண்ணி ஊத்தி அணைக்க முடியாது.

ஓவனுக்கு அப்புறமும் அசையலைன்னா, ரேஸும் கேஸும் சேர்ற விளிம்புல டார்ச் அடிச்சுப் பாருங்க. பச்சையா காஞ்ச பிசின் மாதிரி தெரிஞ்சா, முன்னாடி பிரிச்சவர் லாக்டைட் மாதிரி ஏதோ ரிடெய்னிங் பசை போட்டிருக்கார். அந்த வகைப் பசை பலதும் 250 டிகிரிக்குப் பக்கத்துல போனாத்தான் விடும். கேஸை அவ்வளவு தூரம் கொண்டுபோகக் கூடாது.

ஆர்க்2.5 எழுதியது:

அப்படிப் பசை இருந்தா ஒரே வழி, ரேஸுக்குள்ள வெல்டிங். நிறைய பேர் பயப்படுவாங்க, ஆனா ஓட்டை போடறதைவிட இது கேஸுக்குப் பாதுகாப்பு.

குண்டு ஓடுற பள்ளத்துல ஒரு சுற்று வெல்ட் வரி ஓட்டணும். நடக்கிறது என்னன்னா: ரேஸ் சூடாகி விரியப் பார்க்கும், சுத்தி இருக்கிற கேஸ் விடாது. செஞ்சூட்டுல இரும்பு இளகி இருக்கிறதால தனக்குள்ளேயே அமுங்கிக்கும். ஆறும்போது அமுங்கின அளவுலேருந்து சுருங்கும், கூடவே உருகி உறைஞ்ச வெல்ட் வரியும் உள்ளே இழுக்கும். கடைசில ரேஸ் முன்னைவிடச் சின்னதாயிடும். பசை இருந்தா அதுவும் அந்தச் சூட்டுல கருகிடும்.

டிக் வெல்டிங் (வாயு மூடாக்குல செய்யுறது) இருந்தா நல்லது, தீப்பொறி தெறிக்காது. ஆர்க்னா 2.5 மி.மீ. ராடு, 70-75 ஆம்பியர். ஆர்க்கைப் பள்ளத்து நடுவுல பத்த வைங்க, ரேஸ் விளிம்புல வேண்டாம். கை ஒரு தடவை நழுவினா அலுமினியத்துல குழி விழுந்துடும். எர்த் கிளாம்ப்பை ரேஸுக்கு எவ்வளவு பக்கத்துல முடியுமோ அங்க மாட்டுங்க. கேஸ்ல வேற நல்ல பேரிங் விட்டு வச்சிருந்தா, கரண்ட் அது வழியாப் போற மாதிரி மாட்டிடாதீங்க, குண்டுல புள்ளி புள்ளியாத் தீய்ஞ்சுடும். ரேஸோட வாயைத் தவிர மத்த இடத்தை ஈரச் சாக்கால மூடிடுங்க.

சுற்று முடிஞ்சதும் கை வைக்காதீங்க. சிவப்பு போய், கறுத்து, மூணு நாலு நிமிஷம் ஆகட்டும். கேஸைக் கவிழ்த்தா விழுந்துடும். விழலைன்னா ஒரு பட்டைக் கம்பியை ரேஸுக்குக் குறுக்கா வெல்ட் பண்ணி, அதைப் பிடிச்சு நேரா இழுங்க.

டயல்கேஜ் எழுதியது:

ஓட்டை போடும் யோசனையை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். குழியின் தரை 8 மி.மீ.க்கு மேல் தடிப்பாக இருந்து, பின்னால் எண்ணெய் வழி ஏதும் இல்லாவிட்டால், 5 மி.மீ. ஓட்டை போட்டு, வேலை முடிந்ததும் எம்6 மரை வெட்டி கிரப் ஸ்க்ரூவும் (தலையில்லாத திருகு) சீலன்ட்டும் வைத்து மூடலாம். ஆனால் அது கடைசி வழி. மூடிய குழியின் தரையில் துளை சரியாக ரேஸின் விளிம்புக்கு நேரே வர வேண்டும். ரேஸின் சுவர் 3 மி.மீ. சொச்சம்தான், அரை மில்லிமீட்டர் விலகினாலே பஞ்ச் முனை அலுமினியத்தைச் சுரண்டத் தொடங்கிவிடும். கூடவே, மூடிய குழிகளில் பேரிங்குக்குப் பின்னால் ஒரு மெல்லிய எண்ணெய்த் தகடு இருப்பதுண்டு. உங்கள் எஞ்சினின் பாகப் படத்தைப் பாருங்கள். தெரியாமல் துளைத்தால் தகடும் போகும்.

அறுப்பது பற்றி: பேரிங் இரும்பின் கடினம் 60 எச்.ஆர்.சி. (ராக்வெல் கடின அளவு) அளவில் இருக்கும். சாதா டிரில் பிட், ஹாக்ஸா இரண்டும் வழுக்கும். சின்ன கல்லைக் கொண்டு எதிரெதிராக இரண்டு கோடு அரைத்து, கால் மில்லிமீட்டர் மிச்சம் விட்டு உளியால் ஒரு தட்டுத் தட்டினால் ரேஸ் கண்ணாடி போல உடையும். உடையும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும், இது சம்பிரதாயப் பேச்சு அல்ல. பள்ளத்தின் அடியில் சுவர் இரண்டரை மில்லிமீட்டருக்குள் என்பதால் கல் எப்போது அலுமினியத்தைத் தொடும் என்று கைக்குத் தெரியாது. வெல்டிங் வசதி அறவே இல்லாதவருக்கு மட்டும் இது.

கிரீஸை அடைத்து ஷாஃப்டால் அடிக்கும் வித்தையை யாராவது சொல்வார்கள். பின்னால் மூடிய புஷ்ஷுக்கு அது அருமையான வித்தை. ஓப்பன் பேரிங்கில் குண்டு இடுக்குகள் வழியே கிரீஸ் பீய்ச்சி அடிக்கும். வெறும் அவுட்டர் ரேஸில் அதற்கு வேலையே இல்லை.

மேக்னெட்டோ எழுதியது:

120 டிகிரி, முக்கால் மணி நேரம், தண்ணிச் சொட்டும் சுரீர்னு போச்சு, ஆனா ரேஸ் அசையலை. டார்ச் அடிச்சா விளிம்புல பச்சைப் பிசின் இருக்கு. டிக் வெல்டிங்ல ஒரு சுற்று ஓட்டினதும் நாலாவது நிமிஷம் கவிழ்த்தேன், ரேஸ் விழுந்துடுச்சு. வெல்ட் பண்ணின ரேஸை அளந்தா 39.7 மி.மீ.!

ஆனா அடுத்த தலைவலி. அப்பவே போர் கேஜ் (உள்விட்டம் அளக்கிற கருவி) வச்சுப் பார்த்தேன், குழி 40.02 காட்டுது. புது 6203 கையாலேயே உள்ளே போய் வெளியே வருது. பசை போட்டதே இதுக்காகத்தானா? சென்டர் பஞ்ச்ல குழியைச் சுத்திப் புள்ளி வச்சா பிடிக்கும்கிறாங்க. இல்லைன்னா குழிக்குள்ள உலோக வளையம் இறக்குற ஸ்லீவ்தானா?

டயல்கேஜ் எழுதியது:

அளந்தபோது கேஸ் எவ்வளவு சூடு? கை வைக்க முடிந்ததா?

மேக்னெட்டோ எழுதியது:

கையுறை போட்டுத்தான் பிடிச்சேன். வெறும் கையில ரெண்டு செகண்டுக்கு மேல வைக்க முடியாது.

டயல்கேஜ் எழுதியது:

அப்படியானால் கேஸ் 60 டிகிரிக்குக் குறையாமல் இருந்திருக்கும். அறை வெப்பத்தைவிட 35-40 டிகிரி அதிகம் என்றால் 40 மி.மீ. குழி 0.03 மி.மீ.க்கு மேல் விரிந்து நிற்கும். உங்கள் 40.02லிருந்து அதைக் கழித்தால் 39.98 பக்கம் வருகிறது. இந்த வகைக் குழிக்கு வழக்கமாக வைக்கும் என்7 என்ற இறுக்கமான பொருத்தத்தில் அளவு 39.967 முதல் 39.992 வரை. குழி கெடவில்லை, நீங்கள் சீக்கிரம் அளந்துவிட்டீர்கள்.

இரவு முழுக்க ஆறவிட்டு மறுபடி அளங்கள். மேலே, அடியில் என்று இரண்டு ஆழம், ஒவ்வொன்றிலும் மூன்று திசை. அளக்குமுன் பச்சைப் பசையை பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்து, அசிட்டோனால் துடைக்கவும். எமரி பேப்பர் கூடாது.

சென்டர் பஞ்ச் யோசனையை மறந்துவிடுங்கள். புள்ளிகளின் முகடு மட்டும்தான் ரேஸைத் தாங்கும். நூறு கிலோமீட்டரில் முகடு நசுங்கி ரேஸ் சுழலத் தொடங்கும், அதற்கு அப்புறம் ஸ்லீவ் தவிர வழி இருக்காது. ஆறிய பிறகும் 40.01 தாண்டி இருந்தால் மட்டும் பசை, 40.05 தாண்டினால் லேத்தில் ஸ்லீவ்.

மேக்னெட்டோ எழுதியது:

காலையில அளந்தேன். மேலே 39.985, அடியில 39.980, மூணு திசையிலயும் கிட்டத்தட்ட அதே அளவு. புது பேரிங் இப்போ வாயிலேயே நிக்குது. நன்றி. மாட்டும்போது ஏதாவது கவனிக்கணுமா?

பழைய இரும்பு எழுதியது:

பழைய ரேஸோட முகத்துல 6203க்குப் பக்கத்துல சி3ன்னு (உள் இடைவெளி கொஞ்சம் அதிகம்னு குறிக்கிறது) பொறிச்சிருக்கான்னு பாருங்க. இருந்தா புதுசும் சி3யே வேணும். குழி இறுக்கும்போது உள் இடைவெளி குறையுமில்லையா, அதுக்குத்தான்.

பேரிங்ல லேசா எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் பையில காத்துப் புகாமக் கட்டி, ஃப்ரீஸர்ல ரெண்டு மணி நேரம். எண்ணெய் இல்லாம வச்சா வெளியே எடுத்ததும் வேர்த்துத் துருப் பிடிக்கும். கேஸ் 110-120 டிகிரி, இந்தத் தடவை வாய் மேலே. பேரிங்கை நேரா விட்டா டொக்குனு ஒரே சத்தத்துல தரையில உட்காரும். உடனே அவுட்டர் ரேஸ்ல மட்டும் படுற மாதிரி 38 மி.மீ. வெளிவிட்டம் உள்ள சாக்கெட்டை வச்சு ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. விட்டா, சூடு சமமாகும்போது அது கொஞ்சம் எழும்பி நின்னுடும். சாய்வா மாட்டிக்கிட்டா அடிக்காதீங்க, திரும்ப ஓவன்ல வச்சு முதல்லேருந்து. இன்னர் ரேஸ்ல ஒரு அடி விழுந்தாலும் குண்டு பள்ளத்துல தடம் பதிஞ்சு, ஓடும்போது கரகரன்னு கேக்கும்.

டயல்கேஜ் எழுதியது:

மாட்டுமுன் ஒன்று: வெளியே வந்த ரேஸின் முதுகைப் பாருங்கள். தகடு ஏதாவது ஒட்டியிருக்கிறதா?

மேக்னெட்டோ எழுதியது:

இருக்கு. அரை மில்லிமீட்டர் தகடு, நடுவுல ஒரு சின்ன எண்ணெய் ஓட்டையோட. கருகின பசையோட ஒட்டி இருந்ததால குப்பைன்னு நினைச்சு ஒதுக்கி வச்சிருந்தேன். ஒரு பக்கம் வெல்ட் சூட்டுல லேசா வளைஞ்சிருக்கு. கண்ணாடி மேல வச்சுப் பார்த்துட்டேன், நிமிர்த்தினா சரியா வராது. புதுசா வெட்டிட்டுத்தான் பேரிங்கை இறக்கணும்.