கென்டக்கியில் ஆளுநர் மாறினால் என்ன மாறும்?

செவ்வந்தி: அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் ஆண்டி பெஷியர் 2023-ல் ஆளுநர் தேர்தலில் இரண்டாம் முறை ஜெயித்ததை "மாநிலமே கைமாறிவிட்டது" என்று இங்கே சிலர் எழுதுகிறீர்கள். 2019-ல் அவர் அப்போதைய ஆளுநர், குடியரசுக் கட்சியின் மேட் பெவினைத் தோற்கடித்தது சுமார் 5,000 வாக்கில். அதே நாளில் மாநில அளவிலான மற்ற ஐந்து பதவிகளையும் குடியரசுக் கட்சி அள்ளிக்கொண்டு போனது. பெவின் மேல் இருந்த வெறுப்பு, அவ்வளவுதான்.

முகிலன்: அந்த வெறுப்பு சும்மா வந்ததா? 2018-ல் ஆசிரியர் ஓய்வூதியத்தைக் குறைக்கும் திட்டத்தை ஒரு கழிவுநீர் மசோதாவுக்குள் செருகி, ஒரே நாளில் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள், பெவினும் கையெழுத்துப் போட்டார். ஆசிரியர்கள் கூட்டமாக விடுப்பு எடுத்ததில் பல பள்ளிகள் மூடிக்கிடந்தன. அப்போது அட்டர்னி ஜெனரலாக, அதாவது மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியாக, இருந்த பெஷியர்தான் வழக்குப் போட்டார், அந்த டிசம்பரிலேயே மாநில உச்ச நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. மக்கள் இதைப் பார்த்துத்தான் ஓட்டுப் போட்டார்கள்.

செவ்வந்தி: சரி, ஜெயித்து வந்து என்ன செய்ய முடிந்தது? அங்கே ஆளுநரின் வீட்டோவை, அதாவது மசோதாவை அவர் நிராகரிப்பதை, தள்ளிவிட மூன்றில் இரண்டு பங்கெல்லாம் வேண்டாம், இரு அவைகளிலும் பாதிக்கு மேல் இருந்தால் போதும். இரண்டும் குடியரசுக் கட்சி கையில். அமெரிக்க நாடாளுமன்றத்தின் செனட்டில் கென்டக்கியின் இடம் காலியானால், அதில் இருந்தவரின் கட்சி கொடுக்கும் பட்டியலிலிருந்துதான் ஆளுநர் ஆள் போட வேண்டும் என்று 2021-ல் சட்டம் வந்தது, 2024-ல் அந்த அதிகாரத்தையும் பிடுங்கிவிட்டு இடைத்தேர்தல் என்றார்கள். இரண்டு முறையும் வீட்டோ செய்தார், இரண்டும் எடுபடவில்லை.

கார்த்திகா: சட்டம் போடுவதை மட்டுமே பார்க்கிறீர்கள். நம்ம ஊர் ஆளுநர் மாதிரி நியமனப் பதவி இல்லை அது, முதல்வரைப் போல நிர்வாகமே அவர் கையில். குற்றத்துக்கான தண்டனையை முடித்த பிறகும் திரும்பக் கிடைக்காத ஓட்டுரிமையைப் பாருங்கள். 2015 நவம்பரில் ஆண்டியின் அப்பா ஸ்டீவ் பெஷியர் ஆளுநராக இருந்தபோது ஓர் ஆணை போட்டு அதைத் திருப்பிக் கொடுத்தார், அடுத்த மாதம் பதவிக்கு வந்த பெவின் சில வாரங்களிலேயே அதை நிறுத்தினார், 2019 டிசம்பரில் மகன் வந்ததும் புது ஆணை போட்டார், வன்முறையில்லாத குற்றங்களுக்குத் தண்டனை முடித்த 1,40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஓட்டு திரும்பக் கிடைத்தது. சட்டமன்றத்தில் யாருக்குப் பெரும்பான்மை என்பது இதில் குறுக்கே வரவே இல்லை. தன் ஊரில் ஓட்டுப் போட முடியாமல் இருந்த ஒருவரிடம் போய் எதுவும் மாறவில்லை என்று சொல்வீர்களா?

செவ்வந்தி: அவர்களுக்குக் கிடைத்தது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன கதையிலேயே பதில் இருக்கிறது. ஆணையால் கொடுத்ததை ஆணையால் பறிக்கலாம். தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் இருக்க முடியாது என்பதால் 2027-ல் பெஷியர் நிற்கவே முடியாது. நிரந்தரமாக வேண்டுமென்றால் மாநில அரசியல் சாசனத்தைத் திருத்த வேண்டும், அதற்கு இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு, அப்புறம் மக்கள் வாக்கெடுப்பு.

முகிலன்: அப்படியென்றால் சட்டமன்றத் தொகுதிகளிலும் வேலை செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆளுநர் தேர்தலால் பயனில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.