க்யூ-க்யூ பிளாட்டில் நிறம் பூசுவது உதவியா, கண்ணைக் கட்டுவதா?

வால்நட்சத்திரம்:
இரண்டு கருவிகளில் தலா 30 அளவீடு, மொத்தம் 60. சராசரி இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே இயல்நிலை க்யூ-க்யூ பிளாட்டில் (தரவைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி, மணி வடிவ இயல்நிலைப் பரவலில் எதிர்பார்க்கும் மதிப்புகளோடு ஒப்பிடும் படம்; பொருந்தினால் புள்ளிகள் நேர்கோட்டில் விழும்) போட்டால் நடுவில் நேராகப் போகிறது, இரண்டு வாலும் கோட்டை விட்டுப் பிய்த்துக்கொண்டு நிற்கிறது. கருவிவாரியாக நிறம் கொடுத்துப் பார்த்தேன்: இரு முனையிலும் பெரும்பாலும் சிவப்பு, நடுவில் நீலம். 'தரவு இயல்நிலை இல்லை' என்று எழுதி மூடியிருப்பேன், கடைசியில் பார்த்தால் சிவப்புக் கருவிக்குச் சிதறல் அதிகம், அவ்வளவுதான். இதை ஏன் எல்லோரும் செய்வதில்லை?

ஒற்றைக்கோடு:
ஏனென்றால் அந்தப் படத்தில் ஒரு புள்ளி எங்கே நிற்கும் என்பதை 60 பேருக்கும் நடுவில் அதன் வரிசை எண்தான் முடிவு செய்கிறது. சிவப்பை மட்டும் பார்த்து அது நேரா வளைவா என்று சொல்லவே முடியாது. கருவிக்கு ஒரு பிளாட் போடுங்கள், கோட்டின் சாய்வே திட்ட விலக்கத்தை, அதாவது சிதறலின் அளவை, சொல்லிவிடும்.

வால்நட்சத்திரம்:
சரி, காரணம் கருவிதான் என்று முன்பே தெரிந்தால் அப்படிச் செய்யலாம். தெரியாதபோது? கருவி, அளந்தவர், நாள் என்று ஒவ்வொன்றாகப் பூசித்தானே பார்க்க வேண்டும்.

ஒற்றைக்கோடு:
அங்கேதான் வழுக்குகிறது. 30-க்கு 30 என்றால், மேல் வாலின் கடைசி 3 புள்ளிகளும் சும்மா தற்செயலாகவே ஒரே நிறமாக அமைய கிட்டத்தட்ட 4-ல் 1 வாய்ப்பு. ஐந்து மாறிகளை மாற்றி மாற்றிப் பூசினால் ஏதாவது ஒன்று கதை சொல்லத்தான் செய்யும்.

குறியீட்டுக்காரன்:
குறுக்கே வருகிறேன். முதலில் நிறம் சரியான புள்ளிக்குத்தான் போயிருக்கிறதா? ஆர் நிரல்மொழியில் இந்தப் படம் போடும் க்யூக்யூநார்ம் கட்டளை தரவின் பழைய வரிசையிலேயே புள்ளிகளைத் திருப்பித் தரும், நிறத்தை அப்படியே கொடுக்கலாம். பைத்தான் மொழியில் ஸைபை தொகுப்பின் ப்ராப்பிளாட் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கித் தரும், நிறப் பட்டியலையும் அதே மாதிரி அடுக்காவிட்டால் ஒருத்தர் சட்டையை இன்னொருத்தர் மாட்டிய கதைதான். ஆரின் வரைபடத் தொகுப்பான ஜிஜிபிளாட்2 இன்னும் மோசம், க்யூ-க்யூவில் நிறத்துக்கு ஒரு குழு மாறியைக் கொடுத்தால் சத்தமில்லாமல் குழுவுக்குக் குழு தனி க்யூ-க்யூ கணக்கிட்டுவிடும். பிழைச் செய்தியெல்லாம் வராது. நான் ஒரு வாரம் ஏமாந்தேன்.

வால்நட்சத்திரம்:
என்னுடையது க்யூக்யூநார்ம், தப்பித்தேன். ஒற்றைக்கோடு, மூன்று வகை ஐரிஸ் பூக்களின் அளவுகள் கொண்ட பிரபலமான ஐரிஸ் தரவை எடுங்கள். 150 பூக்களின் அல்லி இதழ் நீளம், 1.9 செ.மீ.க்கும் 3 செ.மீ.க்கும் நடுவில் ஒரு பூவும் இல்லாமல் ஒரு பள்ளம். நிறம் கொடுத்தால் பள்ளத்துக்குக் கீழே இருக்கும் 50-ம் செட்டோசா என்ற ஒரே வகை.

ஒற்றைக்கோடு:
பள்ளம் நிறமில்லாமலே தெரிகிறதே!

வால்நட்சத்திரம்:
பள்ளம் தெரியும், ஆள் தெரியாதே.

ஒற்றைக்கோடு:
அப்படியானால் நிறப் பட்டியலைக் குலுக்கி 19 படம் வரையுங்கள். உண்மையானதை நடுவில் செருகி, விஷயம் தெரியாத ஒருவரிடம் 20-ஐயும் காட்டி, எது வித்தியாசமாக இருக்கிறது என்று கேளுங்கள். கண்டுபிடித்தால் ஒப்புக்கொள்கிறேன்.

வால்நட்சத்திரம்:
செய்தேன். கருவி நிறத்தில் நண்பர் பார்த்ததுமே சரியாகக் காட்டிவிட்டார். அப்புறம் அளந்தவர்வாரியாகவும் ஒரு 20 போட்டேன், அதிலும் ஏதோ இருக்கிறது என்று நேற்று வரை சத்தியம் செய்திருப்பேன். அவர் காட்டியது நான் குலுக்கிய படம்.