ஆம்பூர் ஷூ யூனிட்டுகளுக்கு ஜாப் ஒர்க் மென்பொருள்: 15 லட்சத்துக்கு 40% பங்கு கொடுக்கலாமா?

காட்பாடி_நிரல் கேட்டது:

வணக்கம். ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) யூனிட்டுகள் ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குத் தைக்க, வெளியே கொடுக்கும் ஜோடிகளின் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் ஒன்று தயாராக இருக்கிறது. கட்டிங் முடிந்த பீஸ் எந்தச் சலானில் (சரக்கோடு போகும் சீட்டு), எந்த ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு, எந்த சைஸில் எத்தனை ஜோடி போனது, எத்தனை திரும்பியது, எத்தனை ரிஜெக்ட் என்பதை மட்டும் காட்டும். ஆம்பூரில் மூன்று யூனிட்டுகள் இலவசமாகப் பயன்படுத்துகின்றன. யாரும் இன்னும் பணம் தரவில்லை.

நிரல் எழுதுவது நான், முழு நேரமாக. நண்பன் பெங்களூரு கம்பெனி வேலையில் இருந்துகொண்டே இரவில் செய்து தருகிறான். பாதிக்குப் பாதி என்று வாய்ப்பேச்சு. வாணியம்பாடியில் அப்பர் யூனிட் நடத்தும் என் தாய்மாமா 15 லட்சம் தருவதாகச் சொல்கிறார், 40% பங்கு கேட்கிறார்.

வாங்கலாமா? பிரைவேட் லிமிடெட்டா, எல்.எல்.பி.யா (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை)? இலவசமாகப் பயன்படுத்துகிறவர்களிடம் காசு கேட்பது எப்படி? சென்னைக்கு மாற வேண்டுமா?

பாலாற்றங்கரை எழுதியது:

முதலில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 15 லட்சத்துக்கு 40% என்றால் பணம் உள்ளே வந்த பிறகு கம்பெனியின் மொத்த மதிப்பு 37.5 லட்சம். உங்களுக்கும் நண்பருக்கும் ஆளுக்கு 30%. அடுத்து வருகிற முதலீட்டாளர் 20% எடுத்தால் நீங்கள் இருவரும் ஆளுக்கு 24, மாமா 32. அதன்பின் ஊழியர்களுக்கென்று 10% ஒதுக்கினால் நீங்கள் 21.6, மாமா 28.8. கம்பெனியில் தினமும் உட்காராதவர்தான் அதிகப் பங்கு வைத்திருப்பவர். இந்தப் பட்டியலைப் பார்த்ததுமே விலகிப்போகும் முதலீட்டாளர்கள் உண்டு. உழைக்கிறவர் கையில் மீதம் குறைவாக இருந்தால் நடுவில் விட்டுவிடுவார் என்பது அவர்கள் பயம்.

இன்னொன்று. கம்பெனிச் சட்டப்படி சிறப்புத் தீர்மானம் நிறைவேற, எதிர்ப்பு ஓட்டைப் போல மூன்று மடங்கு ஆதரவு வேண்டும். ஆக, 25 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் ஒருவர் தனியாகவே அதைத் தடுக்க முடியும். கம்பெனியின் விதிகளை மாற்றுவது, வெளியாளுக்குப் புதுப் பங்கு ஒதுக்குவது எல்லாம் சிறப்புத் தீர்மானத்தில்தான் நடக்கும். 40% கொடுப்பது இந்தத் தடை உரிமையையும் சேர்த்துக் கொடுப்பதுதான்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது மாமாவும் அப்பர் யூனிட் நடத்துகிறார் என்பது. உங்கள் மென்பொருளில் என்ன இருக்கும்? யாருக்கு எந்த ஆர்டர், எந்த ஜாப் ஒர்க்கருக்கு என்ன ரேட், எவ்வளவு ரிஜெக்ட். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி முழுக்க ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். கம்பெனியின் பங்குதாரர் பட்டியல் ஆண்டு அறிக்கையோடு அரசிடம் போகிறது, கட்டணம் கட்டினால் யாரும் எடுத்துப் பார்க்கலாம். போட்டியாளர் 40% வைத்திருக்கும் மென்பொருளில் தன் ஜாப் ஒர்க் ரேட்டை எந்த ஓனர் ஏற்றுவார்? மாமா எவ்வளவு நல்லவர் என்பது இங்கே கேள்வியே இல்லை.

தணிக்கை_ராணிப்பேட்டை எழுதியது:

பணம் உள்ளே வரும் வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பலர் தடுக்கி விழும் இடம் இது.

"பங்கு வேண்டாம், கடனாகக் கொடுங்கள்" என்று மாமாவிடம் கேட்கத் தோன்றும். பிரைவேட் கம்பெனி தன் இயக்குநரிடமும் அவருடைய உறவினரிடமும் கடன் வாங்கலாம். ஆனால் கம்பெனிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், மருமகன், மருமகள், உடன்பிறந்தவர்கள், கூட்டுக் குடும்ப உறுப்பினர்கள்தான் உண்டு. தாய்மாமா அதில் இல்லை. அவர் நேராகக் கம்பெனிக்குக் கொடுக்கும் கடன் வைப்புத்தொகை (டெபாசிட்) ஆகிவிடும், அதை இப்படி வாங்குவது விதிமீறல். "மாமா எனக்குக் கொடுக்கட்டும், நான் கம்பெனிக்குக் கடன் கொடுக்கிறேன்" என்பதும் நடக்காது. இந்தப் பணம் நான் கடன் வாங்கியதல்ல என்று இயக்குநர் எழுதித்தர வேண்டும். கன்வர்டிபிள் நோட் (பின்னால் பங்காக மாற்றக்கூடிய கடன்) போடலாமே என்றால், அதற்கு மத்திய அரசின் டிபிஐஐடி துறை தரும் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வேண்டும், ஒருவரே ஒரே தவணையில் குறைந்தது 25 லட்சம் தர வேண்டும். 15 லட்சத்துக்கு அது பொருந்தாது.

செல்லுபடியாகும் வழிகள் இரண்டு. ஒன்று, மாமா உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் வங்கி வழியாகக் கடன் கொடுக்கிறார், அதை நீங்கள் உங்கள் பெயரில் பங்கு மூலதனமாகப் போடுகிறீர்கள். கம்பெனி தோற்றாலும் கடனை அடைக்க வேண்டியது நீங்கள்தான், அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். இரண்டு, அவர் யூனிட்டையே வாடிக்கையாளராகச் சேர்த்து ஓர் ஆண்டுச் சந்தாவை முன்பணமாக வாங்குவது. சேவைக்கான முன்பணம் 365 நாளுக்குள் கணக்கில் கழிந்துவிட்டால் அது வைப்புத்தொகை ஆகாது. பங்கும் போகாது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, தொகை சிறியதாக இருந்தாலும்.

கடைசியில் பங்குதான் என்று முடிவானால், பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை, தனி வங்கிக் கணக்கு இரண்டும் வேண்டும். பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், ஒதுக்கிய 15 நாளுக்குள் பிஏஎஸ்-3 என்ற பங்கு ஒதுக்கீட்டுப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். ஒதுக்காவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், தவறினால் 12% வட்டி.

அமைப்பு: வெளி முதலீடு தேடும் எண்ணம் இருந்தால் பிரைவேட் லிமிடெட். எல்.எல்.பி.யில் பங்கு என்பதே கிடையாது. விற்பனை 40 லட்சத்தையோ மூலதனம் 25 லட்சத்தையோ தாண்டும்வரை அதற்குத் தணிக்கை கட்டாயமில்லை, செலவு குறைவு. பிரைவேட் லிமிடெட்டுக்கு ஒரு ரூபாய் விற்பனை இல்லாவிட்டாலும் தணிக்கை உண்டு. பதிவான 30 நாளுக்குள் முதல் தணிக்கையாளரை நியமிக்க வேண்டும், 180 நாளுக்குள் தொழில் தொடங்கியதை அறிவிக்கும் ஐஎன்சி-20ஏ படிவம். ஆண்டுக் கணக்குப் படிவம் ஏஓசி-4, ஆண்டு அறிக்கைப் படிவம் எம்ஜிடி-7ஏ தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய், அதற்கு உச்சவரம்பு இல்லை. ஆகவே முதல் பில் போடும் நிலை வரும்வரை பதிவுக்கு அவசரம் வேண்டாம். உத்யம் (குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இலவசம். தனிநபர் பெயரில் இன்றே எடுக்கலாம். காசு கேட்கும் ஏஜெண்டுகளிடம் போகாதீர்கள்.

சலான்_புத்தகம் எழுதியது:

காசு கேட்பது பற்றி. நீங்கள் ஓனரிடம் "ஜோடி தொலையாது" என்று விற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஓனருக்கு அது தலையாட்டும் விஷயம், செக் கிழிக்கும் விஷயமில்லை. செக் கிழிக்க வைப்பவர் அக்கவுண்டண்ட்.

ஜி.எஸ்.டி. சட்டம் 143ஆவது பிரிவுப்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகி வரியும் வட்டியும் விழும். ஜாப் ஒர்க்குக்குப் போய்வந்த சரக்கைக் காட்டும் ஐ.டி.சி.-04 படிவத் தாக்கல் வேறு: விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்றால் அரையாண்டுக்கு ஒருமுறை, இல்லையென்றால் ஆண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் 25 நெருங்கும்போது அக்கவுண்டண்ட் சலான் புத்தகங்களைக் குவித்து வைத்து எண்ணிக்கொண்டிருப்பார். உங்கள் மென்பொருள் அந்தப் படிவத்தை ஒரே அழுத்தலில் கொடுத்தால் அவரே ஓனரிடம் உங்களுக்காகப் பேசுவார். "10 மாதம் தாண்டியும் திரும்பாத சலான்கள்" என்று சிவப்பில் ஒரு பட்டியல் வையுங்கள். கட்டிங் டை, அச்சு, கருவிகளுக்கு இந்தத் திரும்பும் கெடு இல்லை. அதைத் தனி வகையாக வைக்காவிட்டால் பட்டியல் முழுக்கப் பொய் எச்சரிக்கை வரும்.

யூனிட்டில் கணக்குக் கெட்டுப்போகும் இடங்கள் எப்போதும் இவைதான். சூப்பர்வைசர் வண்டி ஏற்றும்போது பதியாமல் சாயங்காலம் நினைவிலிருந்து பதிவார், சைஸ் மாறிவிடும். ரீவொர்க்குக்குத் திரும்பப் போகும் ஜோடியைப் புது இஷ்யூவாகப் போடுவார், ஒரே ஜோடி இரண்டு முறை போனதாகி நிலுவை ஏறும். இடது வலது எண்ணிக்கை ஒத்துப்போகாமல் அரை ஜோடியில் நிற்கும், உங்கள் திரை முழு எண்ணை மட்டும் ஏற்கும், உடனே அவர் நோட்டுக்குத் திரும்பிவிடுவார். ரீவொர்க்குக்குத் தனிப் பதிவு வேண்டும், பீஸ் கணக்கிலும் பதிய முடிய வேண்டும், சலான் எண் போடாமல் சேமிக்கவே விடக்கூடாது.

இலவசத்தை நிறுத்தும் விதம்: ஒரே ஒரு ஆர்ட்டிகிள் (ஷூ மாடல்), 30 நாள், முடிவில் நோட்டுக் கணக்கும் திரைக் கணக்கும் ஒத்துப் பார்ப்பது. 31ஆம் நாள் முதல் என்ன விலை என்பதை முதல் நாளே கடிதமாகக் கொடுங்கள். இப்போதுள்ள மூவருக்கும் அடுத்த மாத முதல் தேதியைக் கெடுவாக வையுங்கள். ஷிப்மென்ட் நெருக்கடி வாரத்தில் மட்டும் பேச்சை எடுக்காதீர்கள். மூவரில் ஒருவர்கூடப் பணம் தரவில்லையென்றால் அதைத் தெரிந்துகொள்வதற்கு 15 லட்சம் தேவையில்லை.

காட்பாடி_நிரல்:

மாமா விஷயம் புரிந்தது. சந்தா முன்பணமாகவே கேட்கிறேன். விலை மாதம் 4,000 என்று நினைத்திருக்கிறேன், சரியா? இங்கே எல்லோரும் "பையர் பணம் வந்ததும் தருகிறோம்" என்பார்கள், 90 நாள் ஆகும். நண்பன் பங்கு பற்றி யாரும் சொல்லவில்லை.

தணிக்கை_ராணிப்பேட்டை:

செலவைப் போடுங்கள். ஒரு நிரலாளர் 25,000, யூனிட்டுகளுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் ஆள் 18,000, சர்வரும் எஸ்.எம்.எஸ்.ஸும் 7,000, பஸ் பெட்ரோல் 6,000, தணிக்கை வகையில் 4,000. மாதம் 60,000. 4,000 ரூபாயில் 15 யூனிட் சேர்ந்தால் சமன், உங்கள் இருவருக்கும் சம்பளம் இல்லாமல். ஆளுக்கு 20,000 என்றால் 25 யூனிட். 90 நாள் கடன் விட்டால் 15 யூனிட்டிலேயே 1.8 லட்சம் எப்போதும் வெளியே நிற்கும். காலாண்டு முன்பணம் மட்டும் வாங்குங்கள், ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் ஒரு மாதம் தள்ளுபடி.

இழுத்தடித்தால் உத்யம் பதிவு அப்போது கைகொடுக்கும். குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டி. 2023 நிதிச் சட்டத்துக்குப் பிறகு, கெடு தாண்டி நிற்கும் பாக்கியைச் செலுத்தும்வரை வாங்கியவர் தன் வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள், மார்ச் மாதத்தில் அவர் ஆடிட்டரே அந்தப் பாக்கியை நினைவூட்டுவார். குறு, சிறு நிறுவனங்களின் பாக்கிக்கான அரசுத் தளத்தில் புகார் போடுவது கடைசி வழி, வாடிக்கையாளர் போய்விடுவார். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படாது.

பாலாற்றங்கரை:

நண்பர் விஷயம் மாமா விஷயத்தை விட அவசரம். முழு நேரம் ஒருவர், இரவில் ஒருவர் என்றால் பாதிக்குப் பாதி ஆறு மாதம்கூடத் தாங்காது. 70க்கு 30 அல்லது 65க்கு 35 என்று இன்றே பேசுங்கள். வேலையை விட்டு வரும் நாளில் எவ்வளவு கூடும் என்பதையும் எழுதுங்கள். இருவர் பங்கும் 4 ஆண்டில் படிப்படியாகச் சொந்தமாகட்டும், முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் எதுவும் இல்லை. ஒப்பந்தத்தில் மட்டுமல்ல, கம்பெனியின் விதிகளிலும் (ஆர்ட்டிகிள்ஸ்) இது ஏற வேண்டும்.

அவருடைய பெங்களூரு வேலை ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். பணிக்காலத்தில் எழுதும் நிரல் எல்லாம் கம்பெனிக்கே என்ற வரி பெரும்பாலும் இருக்கும். ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு வரிகூட எழுதக்கூடாது. அனுமதிக் கடிதம் கிடைத்தால் நல்லது. பிறகு இருவரும் நிரலின் உரிமையைப் புதுக் கம்பெனிக்கு எழுத்தில் மாற்றிக் கொடுங்கள். காலம் குறிப்பிடாத உரிமை மாற்றம் 5 ஆண்டுக்கு மட்டும் என்றும், இடம் குறிப்பிடாதது இந்தியாவுக்கு மட்டும் என்றும் 1957 பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். "உரிமைக்காலம் முழுவதும், உலகம் முழுவதும்" என்ற சொற்கள் பத்திரத்தில் இருக்கட்டும்.

சென்னை வேண்டாம். வாடிக்கையாளர் இருப்பது ஆம்பூரில், காட்பாடியிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பலாம். அலுவலக முகவரியை மட்டும் யோசித்துப் போடுங்கள்: 2019 பிரிவினைக்குப் பிறகு ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம், காட்பாடி வேலூர். எந்த மாவட்டத் தொழில் மையத்துக்குப் போக வேண்டும் என்பதை அந்த முகவரிதான் தீர்மானிக்கும். அங்கே புதுத் தொழில்முனைவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் 25% மானியம் பற்றிச் சொல்வார்கள். இயந்திரம் வாங்குகிறவருக்கு அது அருமையான திட்டம், சம்பளமே பெரும் செலவாக உள்ள மென்பொருளுக்குப் பொருந்துவது கடினம். உங்களுக்கு ஏற்றது தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டி.என். நடத்தும் டான்சீட் என்ற தொடக்க நிதித் திட்டம். பணம் தரும் மூன்று யூனிட்டுகளின் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.