கணக்குப்பதிவியலுக்கு இணையவழிப் பாடம்: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி (வணிகவியல் ஆசிரியை, கடலூர்):
வணக்கம். முதலாண்டு மாணவர்களுக்கு வங்கிச் சரிக்கட்டும் பட்டியலை (நாம் எழுதும் ரொக்க ஏட்டின் இருப்பும் வங்கி அறிக்கையின் இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டும் பட்டியல்) இணையவழிப் பாடமாகத் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. வகுப்பில் நடத்துவதையே ஒரு மணி நேரக் காணொளிகளாகப் பதிவு செய்துவிடலாம் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் பண்ருட்டியிலிருந்தும் நெல்லிக்குப்பத்திலிருந்தும் பேருந்தில் வருகிறவர்கள். பெரும்பாலும் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள். பாடம் தரமாக அமைய எதை முதலில் செய்ய வேண்டும்?

பதில் 1 (பாட வடிவமைப்பாளர், புதுச்சேரி):
அம்மா, காணொளியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பாடத்தை முடித்த மாணவர் எதைச் செய்து காட்ட வேண்டும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதைச் சோதிக்கும் பயிற்சியை அடுத்து எழுதுங்கள். அந்தப் பயிற்சிக்கு எந்த விளக்கம் தேவையோ அதை மட்டும் பதிவு செய்யுங்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் அதில் செலவிட்ட இடைநிலை நேரம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. அதற்காக ஒரு மணி நேர விரிவுரையைப் பத்துத் துண்டாக வெட்டினால் போதாது. ஒவ்வொரு துண்டும் ஒரு கேள்விக்கு முழுமையாக விடை சொல்ல வேண்டும்.

பதில் 2 (கணக்குப்பதிவியல் ஆசிரியர், சிதம்பரம்):
பயிற்சி என்றதும் "சரி", "தவறு" என்று மட்டும் காட்டும் வினாக்களை வைத்துவிடுகிறோம். என் பார்வையில் பெரும்பாலான பாடங்கள் சறுக்குவது இங்கேதான். ரொக்க ஏட்டின்படி இருப்பு ரூ.20,000, கொடுத்த காசோலைகளில் ரூ.5,000க்கான ஒன்று இன்னும் வங்கிக்கு வரவில்லை. வேறு வேறுபாடு எதுவும் இல்லை. வங்கி அறிக்கையின்படி இருப்பு என்ன? ரூ.15,000 என்று விடையளிக்கும் மாணவர் அந்தத் தொகையை இரண்டாம் முறை கழித்திருக்கிறார். "காசோலையைக் கொடுத்த அன்றே ரொக்க ஏட்டில் கழித்துவிட்டீர்கள், வங்கி கழித்துவிட்டதா?" என்று அந்த இடத்திலேயே கேட்டால், ரூ.25,000 என்ற விடைக்கு அவரே வந்து சேருவார். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு குறிப்பு எழுதுவது சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் வகுப்பில் பக்கத்தில் நின்று நாம் சொல்லித்தருவதற்கு ஈடாக இணையத்தில் இருப்பது அது ஒன்றே.

பதில் 3 (நூலகர், புதுச்சேரி):
காணொளி, வாசிப்புப் பாடம், தன்மதிப்பீடு, கலந்துரையாடல் என்ற நான்கு பகுதிகளை இந்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயம் வகுத்திருக்கிறது. கலந்துரையாடலை ஒப்புக்கு வைக்காமல், வாரத்தில் குறித்த நாளில் நீங்களே பதிலளியுங்கள். தமிழில் வசன வரிகளைச் சேருங்கள். பேருந்து இரைச்சலில் அது மிகவும் உதவும். எண்கள் கைப்பேசித் திரையில் தெளிவாகத் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். வெளியிடுவதற்கு முன் இரண்டு மூன்று மாணவர்களைச் செய்து பார்க்கச் சொல்லி, நீங்கள் குறுக்கிடாமல் அருகில் அமர்ந்து, எந்த இடத்தில் காணொளியைப் பின்னோக்கி ஓட்டுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியைத்தான் திருத்தி எழுத வேண்டும்.