‘ஹென்சன் ட்ரஸ்ட்’: தமிழில் எப்படிச் சொல்வது?

க. (ரொறன்ரோ):

அன்புடையீர், வணக்கம். ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உடைய பிள்ளைகளின் பெற்றோருக்காக, ஸ்காபரோவில் வழங்கவிருக்கும் தமிழ்க் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். ‘ஹென்சன் ட்ரஸ்ட்’ என்ற ஒரு சொல் மட்டும் வழியை மறித்து நிற்கிறது.

ஒன்ராறியோவில், குறைபாடு உடையோருக்கான மாகாண அரசுத் திட்டமாகிய ஓ.டி.எஸ்.பி.யின் உதவித்தொகை பெறும் தனியாள் ஒருவருக்குச் சொத்து வரம்பு 40,000 டொலர். குடியிருக்கும் வீடு போன்ற சில மட்டும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. தம் காலத்துக்குப் பின் மகனுக்கு உதவட்டும் என்று பெற்றோர் மரண சாதனத்தில் (உயிலில்) பெருந்தொகை ஒன்றை நேரடியாக அவன் பெயருக்கு எழுதிவைத்தால், மாதந்தோறும் வந்த உதவித்தொகையும் அதனோடு சேர்ந்த மருந்துச் சலுகையும் நின்றுபோகக்கூடும். ஆகவே அந்தப் பணத்தைப் பொறுப்பாளர் ஒருவரிடம் ஒப்படைத்து, எதற்கு, எப்போது, எவ்வளவு செலவிடுவது என்பதை முழுவதும் அவருடைய தீர்மானத்துக்கே விட்டுவிடுவார்கள். கேட்டு வாங்கும் உரிமை பிள்ளைக்கு இல்லாததால் பணமும் பிள்ளையின் சொத்தாகக் கருதப்படுவதில்லை. குவெல்ஃப் நகரத்து லெனார்ட் ஹென்சன் தம் மகள் ஓட்ரிக்காக இவ்வாறு எழுதிவைத்ததை 1989இல் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வன்கூவரில் வாடகை உதவி தொடர்பாக எழுந்த வழக்கொன்றில் 2019இல் கனடிய உச்ச நீதிமன்றமும் இதே திசையில் தீர்ப்பளித்தது.

முன்னர் வெளிவந்த துண்டறிக்கை ஒன்றில் இதனைச் ‘சிறப்புத் தேவை அறக்கட்டளை’ என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்த தாய் ஒருவர், “தருமத்துக்கு எழுதிக் குடுக்கிற அளவுக்கு எங்களிட்ட வசதி இல்லை, தம்பி” என்று சொல்லி மடித்து வைத்துவிட்டார். சொல் வேண்டும், விரைவாகவும் வேண்டும்.

இரா. (தஞ்சாவூர்):

அறத்தை நீக்குங்கள், கட்டளையை விட்டுவிடாதீர்கள். கட்டளை என்றால் ஆணை என்று மட்டும் இன்று நினைக்கிறோம். திருவாரூர் தியாகராசர் கோயிலின் ராஜன் கட்டளை, அபிஷேகக் கட்டளை ஆகியவை ஆணைகள் அல்ல. ஒரு முதலை ஒதுக்கி, அதன் விளைவை ஒரு நோக்கத்துக்கு மட்டுமே செலவிடும் ஏற்பாடுகள். இந்தக் கருத்து நமக்குப் புதிதே இல்லை. இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையா விளக்குக்கு, 96 ஆடுகளை ஒப்படைத்தார்கள். இடையர் அவற்றைப் பேணி நாள்தோறும் உழக்கு நெய் அளந்தார். மந்தை குறையாமல் இருக்க வேண்டும் என்பதால் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றார்கள். விளக்குக்கு ஆடு சொந்தமில்லை, ஆனால் ஒளி தடைபடுவதில்லை. இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி வேறெங்கே கிடைக்கும்? என் பரிந்துரை ‘பேணுகட்டளை’.

ம. (யாழ்ப்பாணம்):

ஐயா காட்டிய கல்வெட்டுச் சான்று அருமையானது. ஆனால் நான் சட்டத்தரணி என்ற முறையில் இரண்டு தடைகளைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, இலங்கையில் ‘கட்டளைச் சட்டம்’ என்பது ஆங்கிலேயர் காலத்தில் ஆக்கப்பட்ட ஒருவகைச் சட்டத்துக்கு நிலைத்துவிட்ட பெயர். ஸ்காபரோவில் இதைப் படிக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் இங்கிருந்து போனவர்கள். கட்டளை என்ற சொல் அவர்களை நேரே நீதிமன்றத்துக்கே இட்டுச் செல்லும். எங்களிடம் ‘நம்பிக்கைப் பொறுப்பு’ என்ற சொல் பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது; சம்பளச் சிட்டையில் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தைப் பார்த்துப் பழகாத தனியார் துறை ஊழியர் குறைவு.

இரண்டாவது தடையே பெரியது. உழக்கு நெய் என்று அளவு வரையறுக்கப்பட்டிருப்பதால் அந்த உவமை ஹென்சன் ஏற்பாட்டுக்கு நேர் எதிராகப் போகிறது. ‘மாதம் 500 டொலர் கொடுக்கப்பட வேண்டும்’ என்று மரண சாதனத்தில் எழுதிய கணமே அந்த 500 டொலரைக் கோரும் உரிமை பிள்ளைக்குப் பிறந்துவிடும்; உரிமை பிறந்தால் உதவித்தொகைக் கணக்கிலும் அது ஏறும். அளவு வரையறுக்கப்படாதிருப்பதுதான் இங்கே காவல். ஆகவே பெயரில் இடம்பெற வேண்டிய கருத்து பேணுதல் அன்று, தீர்மானிக்கும் சுதந்திரமே. அதற்கு எங்கள் சட்டத் தமிழில் ‘தற்றுணிபு’ உண்டு. ‘தற்றுணிபு நம்பிக்கைப் பொறுப்பு’ என்று வைக்கலாம்.

இரா. (தஞ்சாவூர்):

நெய்யளவு பற்றிய மறுப்பு கூர்மையானது. எனினும் ‘நம்பிக்கை’யை எதிர்க்கிறேன். தொல்காப்பிய உரியியல் ‘நம்பும் மேவும் நசையாகும்மே’ என்கிறது. நம்பு என்பதன் பழம்பொருள் விருப்பமே. பிற்காலத்தில் அது நெகிழ்ந்து நெகிழ்ந்து இன்றைய பொருளுக்கு வந்தது. பழந்தமிழில் ஆராய்ந்து ஒருவரிடம் பொறுப்பை விடுவதற்குரிய சொல் தெளிதல். ‘தேரான் பிறனைத் தெளிந்தான் வழிமுறை தீரா இடும்பை தரும்’ என்ற குறளில் வழிமுறை என்பது வழித்தோன்றல்களைக் குறிக்கிறது. ஆராயாமல் ஒருவரைத் தெளிந்தால் துன்பம் பிள்ளைகள்மேல் விழும் என்று வள்ளுவர் எச்சரிப்பது, பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்கே சொன்னது போல் இல்லையா? ‘தெளிபொறுப்பு’ என்று ஆக்கலாம்.

தற்றுணிபு என்பது இலக்கணப்படி சரியான ஆக்கமே. ‘எண்ணித் துணிக கருமம்’ என்பதில் துணிதல் முடிவெடுத்தலைத்தான் குறிக்கிறது. ஆனால் தமிழ்நாட்டு வாசகர் துணிவு என்றால் வீரத்தை நினைப்பார். இங்கே ‘விருப்புரிமை’ என்று எழுதுகிறோம்.

செ. (மார்க்கம்):

எனக்கு 24 வயது மகன் இருக்கிறான். ஆட்டிசம் உள்ளவன், பேச்சு இல்லை. ஹென்சன் ட்ரஸ்ட் எங்கள் மரண சாதனத்தில் ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே இந்தச் சொற்களை நான் வீட்டில் சோதித்துப் பார்க்க முடிந்தது.

என் தம்பியின் மகள்தான் எங்களுக்குப் பின் பொறுப்பாளர். தமிழ் நன்றாக வாசிப்பாள். ‘தற்றுணிபு நம்பிக்கைப் பொறுப்பு’ என்று எழுதிக் காட்டியபோது, “மாமி, அப்ப நான் ஆரைக் கேட்டு முடிவெடுக்க வேணும்?” என்றாள். ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் அந்தச் சொல்லின் உட்பொருள். அது அவளிடம் போய்ச் சேரவில்லை. ‘தெளிபொறுப்பு’ என்றதைத் தெளிவான பொறுப்பு என்று எடுத்துக்கொண்டாள். ‘விருப்புரிமை’ இன்னும் ஆபத்தானது. யாருடைய விருப்பம் என்ற கேள்வி எழும். மகனுடைய விருப்பம் என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார்கள். அவனுக்கு உரிமை இருக்கக்கூடாது என்பதற்காகவே செய்த ஏற்பாட்டின் பெயரில் உரிமை என்ற சொல்லே வேண்டாம்.

பொறுப்பாளர் ஒவ்வொரு கொடுப்பனவையும் கணக்கு வைக்க வேண்டும். குறைபாட்டோடு தொடர்புடைய, ஓ.டி.எஸ்.பி. திட்டம் ஏற்கும் செலவுகளுக்குக் கொடுப்பது வருமானமாகக் கணக்கிடப்படாது. பிற தேவைகளுக்கு 12 மாதங்களில் 10,000 டொலர் வரை கொடுக்கலாம். இதை அறியாமல் அன்பின் மிகுதியால் அள்ளிக் கொடுத்தால் மகனுடைய உதவித்தொகை குறையும். அதனால்தான் பெயர் எப்படி இருந்தாலும் ‘ஹென்சன்’ என்ற சொல் அதில் இருக்க வேண்டும் என்கிறேன். தமிழ்ப் பெயரை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு ஆங்கிலச் சட்டத்தரணியிடம் போகும் தாய் என்ன கேட்பாள்? எங்கள் ஆட்கள் எல்லாரும் ட்ரஸ்ட் என்றுதான் சொல்கிறார்கள். அதையே தமிழெழுத்தில் எழுதிவிடுங்கள் என்பது என் வேண்டுகோள்.

ம. (யாழ்ப்பாணம்):

அம்மாவின் அனுபவத்துக்கு முன் நான் வாதாட விரும்பவில்லை. ஆயினும் ‘ட்ரஸ்ட்’ என்று மட்டும் விட்டால் பழைய குழப்பமே திரும்பும். ஊரில் ட்ரஸ்ட் என்றால் கோயில் தர்மகர்த்தா சபையும் அதில் அடங்கும். 1882ஆம் ஆண்டின் இந்திய நம்பிக்கைச் சட்டமும் அதைத் தழுவிய எங்கள் கட்டளைச் சட்டமும் இதனைச் சொத்துடைமையோடு பிணைந்த கடப்பாடு என்றே வரையறுக்கின்றன. பொறுப்பு என்ற சொல் அந்தக் கடப்பாட்டைச் சுமக்கிறது. ட்ரஸ்ட் என்ற ஒலிபெயர்ப்பு அதைச் சுமக்கவில்லை.

க. (ரொறன்ரோ):

அனைவருக்கும் நன்றி. தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பான்மை ‘நம்பிக்கைப் பொறுப்பு’ பக்கம் நிற்கிறது; உற்சாகமாக என்று சொல்ல முடியாது, வேறு வழியில்லை என்ற அளவில்தான். கையேட்டில் தலைப்பு ‘ஹென்சன் நம்பிக்கைப் பொறுப்பு’ என்றே இருக்கும். தற்றுணிபைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டு, செ. அம்மாவின் மருமகளுக்குப் பதில் சொல்லும் வகையில் கீழே இவ்வாறு சேர்க்கிறேன்: ‘இந்தப் பணத்தை எப்போது, எதற்கு, எவ்வளவு கொடுப்பது என்பதைப் பொறுப்பாளர் ஒருவரே தீர்மானிப்பார், பிள்ளையோ, பிள்ளையின் சார்பில் வேறெவருமோ அதைக் கோர முடியாது, இது தருமத்துக்குக் கொடுக்கும் பணம் அன்று.’

இரா. (தஞ்சாவூர்):

விளக்க வாக்கியத்தை முழு மனத்தோடு ஏற்கிறேன். சொல்லை ஏற்கவில்லை. பொறுப்பு என்பது சுமப்பவரைச் சொல்கிறது, ஒதுக்கிவைத்த முதலைச் சொல்லவில்லை. தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு இத்தகைய கையேடு எழுதும் நாள் வரும்போது ‘பேணுகட்டளை’ மீண்டும் எழுப்பப்பட வேண்டும் என்பதற்காக என் மாற்றுக் கருத்தைச் சொற்பட்டியலில் பதிந்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பொறுப்பாளர் இறந்தாலோ விலகினாலோ அவரிடத்துக்கு வருபவரை எப்படி அழைப்பது என்பதையும் எவரும் சொல்லவில்லை. அச்சுக்கு முன் க. அதையும் முடிவு செய்தாக வேண்டும்.