பெரிய வீட்டு சொந்தங்கள்: ஞாயிற்றுக்கிழமை பாயாவும் ஒரு எலும்பும்

[ஞாயிறு, மதியம் 1:42]

பெரியப்பா: 📷 படம்

பெரியப்பா: கவிதா, இது என்ன எலும்பும்மா? இன்னைக்கு கறிக்கடைல பின்னங்கால மூட்டோட முழுசா போட்டுட்டான். நிலன் தட்டுல இருந்து எடுத்து கழுவி வச்சுக்கிட்டு தரமாட்டேங்கிறான்.

சுதா அத்தை: எச்சி எலும்பெல்லாம் குரூப்ல போடணுமாண்ணே 🤦‍♀️

கவிதா: போடட்டும் அத்தை 😄 பெரியப்பா, அது கணுக்கால் எலும்பு. அஸ்ட்ரகாலஸ்னு பேரு. மேல நடுவுல பள்ளம், ரெண்டு ஓரத்துலயும் மேடு தெரியுதா, கிணத்துக் கப்பி மாதிரி? இப்ப தலைகீழா திருப்புங்க.

பெரியப்பா: அங்கயும் அதேதான் இருக்கு

கவிதா: அதான் விஷயமே. குதிரைக்கு மேல மட்டும்தான் கப்பி, கீழ தட்டையா இருக்கும். நாய்க்கு கீழ உருண்டையா இருக்கும். ரெண்டு பக்கமும் கப்பி இருந்தா கண்ண மூடிட்டு சொல்லலாம், ஆடு மாடு மான் பன்னி ஒட்டகம் நீர்யானை, இந்தக் கூட்டத்துல ஒண்ணு.

கவிதா: அந்தக் கூட்டத்துல இன்னொரு ஆளும் உண்டு. திமிங்கலம்.

சுப்பு மாமா: யம்மா. காலே இல்லாததுக்கு ஏதும்மா கணுக்காலு?

ராஜி சித்தி: வெள்ளிக்கிழமை வளைகாப்புக்கு வேன் எத்தனை மணிக்குன்னு யாராச்சும் சொல்லுங்களேன்

கவிதா: இப்ப இல்ல மாமா. அப்ப இருந்துச்சு. 2001ல பாகிஸ்தான்ல ரெண்டு குழு தனித்தனியா பழைய திமிங்கலத்தோட கணுக்கால் எலும்பை கண்டுபிடிச்சாங்க. பலுசிஸ்தான்ல கிடைச்சது 4.7 கோடி வருஷம் முந்தினது. ரெண்டு பக்கமும் கப்பி. அளவை விட்டுட்டா, இப்ப நிலன் கைல இருக்கிற அதே வடிவம்.

சுரேஷ்: ஒரு எலும்பு ஒரே மாதிரி இருக்குன்னு சொந்தம்னு சொல்லிடுவியா? வௌவாலுக்கும் காக்காவுக்கும்கூடத்தான் றெக்கை இருக்கு.

கவிதா: நல்ல கேள்விண்ணா. எலும்பு ஆளுங்களுக்குள்ளயே இதே சண்டைதான் நடந்துச்சு. பல்லை வச்சு பாத்தவங்க, மெசோனிக்கிட்னு அழிஞ்சு போன ஒரு கறி தின்னி விலங்குலேர்ந்துதான் திமிங்கலம் வந்துச்சுன்னாங்க. டிஎன்ஏ பாத்தவங்க நீர்யானைதான் கிட்டத்து சொந்தம்னாங்க. பலுசிஸ்தான்ல தோண்டின பிலிப் ஜிஞ்சரிச் பல்லு கட்சி. கணுக்கால் கைக்கு வந்ததும் மனுஷன் கட்சி மாறிட்டார்.

சுரேஷ்: அந்த டிஎன்ஏல அப்படி என்ன பாத்தாங்க?

கவிதா: டிஎன்ஏல சில துண்டு தன்னைத்தானே நகல் எடுத்து கண்ட இடத்துல போய் ஒட்டிக்கும். ஒட்டினா அப்படியே பிள்ளை பேரனுக்கும் போகும். 1999ல ஜப்பான்ல நோரிஹிரோ ஒகாடா குழு தேடிப் பாத்தாங்க. திமிங்கலத்துலயும் நீர்யானைலயும் அதே துண்டு, அதே இடத்துல. பன்னி, ஒட்டகத்துல அந்த இடம் காலி. றெக்கைன்னா பறக்கத் தேவை, தனித்தனியா வந்திருக்கும்னு சொல்லலாம். இதுல ஒரு தேவையும் இல்ல. இத்தனை கோடி எழுத்துல தற்செயலா ஒரே இடத்துல, அதுவும் ஒரு தடவை இல்ல, பல தடவை ஒட்டுமா?

சுரேஷ்: ம்ம்

சுதா அத்தை: அப்ப நீர்யானைதான் தண்ணிக்குள்ள போயி திமிங்கலம் ஆயிருச்சா?

கவிதா: இல்ல அத்தை, அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறாங்க. நீங்களும் சுப்பு மாமாவும் ஒரே கொள்ளுத்தாத்தா வழி. அதுக்காக மாமாகிட்டேர்ந்தா நீங்க வந்தீங்க? நீர்யானையும் திமிங்கலமும் பங்காளிங்க. பாட்டன் ஒண்ணு, அது இப்ப இல்ல. ஆடு மாடு அதுக்கும் முன்னாடியே பிரிஞ்ச தூரத்துப் பங்காளி.

சுப்பு மாமா: நல்லவேளை 😂 சொத்துல பங்கு கேக்காது

பெரியப்பா: நிலன் கேக்குறான், திமிங்கலத்துக்கு இப்ப காலு எங்க போச்சாம்?

கவிதா: உள்ள இருக்குன்னு சொல்லுங்க. இடுப்பெலும்பு சின்னதா சதைக்குள்ள மிதக்கும், முதுகெலும்போட ஒட்டாது. டால்பின் குட்டி வயித்துக்குள்ள இருக்கும்போது பின்னங்காலுக்கு மொட்டு விடும், சில வாரத்துல தானா மறைஞ்சிடும். 2006ல ஜப்பான் தாய்ஜில பிடிச்ச ஒரு டால்பினுக்கு அது மறையவே இல்ல, வயித்துப் பக்கம் ரெண்டு துடுப்பு கூடுதலா இருந்துச்சு.

கவிதா: வாலையும் கவனிக்கச் சொல்லுங்க. மீன் வாலை இடமும் வலமும் ஆட்டும். திமிங்கலம் மேலயும் கீழயும். நாலு கால்ல பாஞ்சு ஓடுற விலங்குக்கு முதுகு வளையிற வாக்கு அது.

பெரியப்பா: இப்ப ஹால்ல தரையில படுத்து நீந்திக் காட்றான் 😅

ராஜி சித்தி: வேன்???

சுரேஷ்: இதெல்லாம் பாகிஸ்தான், ஜப்பான். நம்ம நாட்டுல ஒண்ணும் கிடைக்கலையா?

கவிதா: கிடைச்சுது, அதுவும் சாதாரண கதை இல்ல. ரங்கா ராவ்னு ஒரு இந்தியப் புவியியலாளர். ஜம்மு பக்கம் காலாகோட்ல பாறை பாறையா சேத்தார். 1971ல அதுலேர்ந்து ஒரு சின்ன விலங்குக்கு இந்தோஹயஸ்னு பேரு வச்சார். மிச்சப் பாறை உடைக்காமலே டேராடூன்ல அவர் வீட்டுல கிடந்துச்சு. அவர் காலமான பிறகு அவர் மனைவி அதை ஹான்ஸ் தெவிசன்கிட்ட குடுத்தாங்க. 2001ல கணுக்கால் கண்டுபிடிச்ச இன்னொரு குழு இவரோடது.

கவிதா: தெவிசன் ஆய்வுக்கூடத்துல பாறையை சுத்தம் பண்றவர் கை தவறி ஒரு இந்தோஹயஸ் மண்டையோட்டுல காதெலும்பை உடைச்சிட்டார். உடைஞ்ச இடத்துல பாத்தா, உள்பக்க ஓரம் தடியா இருக்கு. அதுவரைக்கும் அப்படி ஒரு காது திமிங்கலக் கூட்டத்துல மட்டும்தான் பாத்திருந்தாங்க. இதுவோ பூனை அளவு, நாலு கால், குளம்பு, 4.8 கோடி வருஷப் பழசு. 2007ல வெளியிட்டாங்க. எலும்பும் கனமா இருந்துச்சு, தண்ணில இறங்கி நடக்க தோதா.

சுரேஷ்: உடைச்சதுக்கு திட்டு வாங்கினாரா, பாராட்டு வாங்கினாரா? 😄

சுதா அத்தை: அந்தம்மா பாறையை தூக்கிப் போடாம வச்சிருந்தாங்களே, அவங்களைச் சொல்லணும். நம்ம வீட்டுல மாமா சேத்த பேப்பரை நான் ஒரே நாள்ல எடைக்குப் போட்டேன்.

சுப்பு மாமா: கவிதா, எங்க தொண்டிப் பக்கம் ஆவுளியா உண்டுல்ல, கடல் பசு. அதுவும் திமிங்கலத்துக்குப் பங்காளியா?

கவிதா: இல்ல மாமா! பேருல பசு, ஆனா பசுவுக்கும் நெருக்கம் இல்ல, திமிங்கலத்துக்கும் இல்ல. அது யானைக்குச் சொந்தம்.

சுப்பு மாமா: எதேய்

கவிதா: பால்மடி எங்க இருக்குன்னு பாருங்க. மாட்டுக்குப் பின்னங்கால் நடுவுல. யானைக்கு முன்னங்கால்கிட்ட, நெஞ்சுல. ஆவுளியாவுக்கும் முன் துடுப்புக்கிட்டதான். வளந்த ஆணுக்கு சின்னதா தந்தம்கூட வெளிய வரும். டிஎன்ஏவும் அதையேதான் சொல்லுது. சுரேஷண்ணா கேட்டதுக்கு இதுதான் சரியான பதில். திமிங்கலத்துக்கும் ஆவுளியாவுக்கும் ஒரே கடல், ஒரே மாதிரி துடுப்பு, கிட்டத்தட்ட ஒரே மாதிரி வாலு. ஆனா ரெண்டும் வேற வேற வீட்டுலேர்ந்து தனித்தனியா தண்ணிக்குள்ள இறங்கினதுங்க.

சுரேஷ்: ஓகே, இத ஒத்துக்குறேன். வௌவால் கேஸ வாபஸ் வாங்குறேன்.

சுப்பு மாமா: எங்கப்பா காலத்துல வலைல மாட்டும், நானே பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். தந்தத்தை யாரு பாத்தா. இப்ப மாட்டுனா வலையை அறுத்து விட்டுருவோம். 2022ல பாக் விரிகுடால அதுக்குன்னே 448 சதுர கிலோமீட்டர் காப்பகம்னு அறிவிச்சாங்கல்ல.

கவிதா: ஆமா மாமா, இந்தியாவுல ஆவுளியாவுக்குன்னு வந்த முதல் காப்பகம் அதுதான்.

ராஜி சித்தி: யானை, திமிங்கலம் எல்லாரும் எப்படிப் போனாங்கன்னு தெரிஞ்சு போச்சு. நாம எப்படிப் போறோம்?

பெரியப்பா: காலைல ஆறரைக்கு வேன் தெருமுனைக்கு வந்துரும் ராஜி. எல்லாரும் சாப்பிடாம வாங்க, வழில இட்லி ஏற்பாடு பண்ணியாச்சு.