கிளம்பும் ராத்திரி கடைசி நேரத்தில் நடந்தது: உங்கள் அனுபவம் என்ன?

கும்பகோணத்தான்:
ஜெர்மனியில் இருக்கும் ஆகனுக்குப் படிக்கப் போன ராத்திரி. வாடகைக் கார் வாசலுக்கு வந்துவிட்டது, பெட்டி மூடவில்லை. விமானத்தில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்ற கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீட்டில் இருந்தது ஏறி நிற்கும் எடை மெஷின். பெட்டியை வைத்தால் எண் மறைந்துவிடும். அப்பா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மெஷினில் ஏறினார். நான் தரையில் குப்புறப் படுத்து, செல்போன் வெளிச்சத்தில் படித்தேன்: 94. "என் எடை 72, கழித்துக்கொள்" என்றார். 22. இன்னும் ஒரு கிலோ இடம் இருக்கிறதே என்று அம்மா பருப்புப் பொடியைச் செருகிவிட்டார்.

சென்னை விமான நிலையத்தில் அதே பெட்டி 29 காட்டியது. குக்கர், அரிசி, பொடி எல்லாவற்றையும் வாரி, வாசல் காவலரிடம் கெஞ்சி வெளியே கொடுத்தேன். வாங்கிக்கொண்ட அப்பா, "மெஷின் கோளாறுடா" என்றார். அந்த ஆறு கிலோ இன்னும் என்னை விடவில்லை.

பழைய பிராங்க்பர்ட்வாசி:
இதில் உறுத்த என்ன இருக்கிறது? கொக்கியில் தொங்கவிடும் தராசு ஒன்று வாங்கியிருந்தால் தீர்ந்தது. படிக்கப் போகிறவர்கள் இதைக்கூட யோசிப்பதில்லை. என் கதை சின்னது: ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இரண்டு கிலோ, பிராங்க்பர்ட் சுங்கத்தில் குப்பைக்குப் போனது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பால் பொருள், இறைச்சி எதுவும் கூடாது. நெய்யும் பால் பொருள்தான், அம்மாக்களிடம் சொல்லிவையுங்கள். 2019 டிசம்பரிலிருந்து பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய்க்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெட்டியில் போட்டால் திறக்கச் சொல்வார்கள். கொப்பரை எண்ணெய்ப் பிடிப்புள்ளது, தீப்பற்றும் என்பதால் பெட்டியில் விடமாட்டார்கள். கைப்பையில் ஊறுகாயும் கூடாது. சேர்க்கைக் கடிதம், ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றுகளை ஜெர்மனிக்காகச் சரிபார்த்துத் தருவது), முடக்கக் கணக்கில், அதாவது அங்கே செலவுக்கென்று முன்கூட்டியே பூட்டிவைக்கும் கணக்கில், பணம் போட்ட தாள் (2024 கடைசியில் 11,904 யூரோ) எல்லாம் கையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைச் சொல்லவே வேண்டாம்.

வடமராட்சிப் பெண்:
சொல்லத்தான் வேண்டும், ஐயா. என்னுடையது சுவாமியறையில் இருந்தது.

லண்டன் பயணம். யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ராத்திரி வான் பிடித்தோம். வழக்கம்போல் வழியிலுள்ள முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நிறுத்தி அப்பா தேங்காய் உடைத்தார். கர்ப்பூரத் தட்டைப் பார்த்ததும் அம்மா அப்படியே நின்றுவிட்டார். மாலை விளக்கேற்றும்போது பாஸ்போர்ட்டைச் சுவாமிப் படத்தின் முன் வைத்தவர், எடுக்கவில்லை. வீடு வெகு தூரம் பின்னால். அண்ணா மோட்டார் சைக்கிளில் கொண்டுவரும்வரை ஒருவரும் ஒருவரைத் திட்டவில்லை. கச்சான் (வேர்க்கடலை) விற்கும் அம்மாவிடம் அப்பா சரை சரையாக, காகிதச் சுருள்களில், வாங்கிக்கொண்டே இருந்தார். ஒருவரும் தின்னவில்லை. கைக்கு வந்தபோது பாஸ்போர்ட்டின் அட்டையில் சந்தனம் காய்ந்திருந்தது. கட்டுநாயக்காவில் அதிகாரி அதை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

தராசுக்காரரே, கும்பகோணத்துத் தம்பி தராசைப் பற்றியா எழுதினார்?

கும்பகோணத்தான்:
அக்கா, நன்றி. மெஷினில் கோளாறே இல்லை. அடுத்த மாதம் அம்மா வற்புறுத்தி அப்பாவைத் தனியாக ஏற்றிப் பார்த்தார். 65. ரத்தச் சர்க்கரை முன்னூற்றுக்கு மேல். 72 என்பது எந்த வருடத்து எடையோ, அவருக்கே தெரியவில்லை.

நான் கிளம்பிய அன்று காலையில்தான் அப்பா கொல்லைப்புறத் திண்ணையில் உட்கார்ந்து, பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாக ஓர் ஓட்டை போட்டார். சுத்தியலைத் தேடி எடுத்துக் கொடுத்தது நான்.